வாசலில் வைக்கும் குப்பைக் கூடை – இந்த மாதப் பாடம்



சென்ற இதழில் வரவு செலவு நோட்டு எழுதும் முறையைப் பார்த்தோம். இந்த இதழில் குப்பையைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். "குப்பையில படிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு, பெருக்கி வெளியில கொட்டினா முடிஞ்சுது" என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதலில் ஒரு கறவை மாட்டின் கதையைச் சொல்கிறேன். பிறகு பாடத்துக்கு வருவோம்.

மாட்டின் வயிற்றில் இருந்த தெரு

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் வேண்டாம், அந்த அக்காவின் பெயரும் வேண்டாம். குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கி, கையிருப்பையும் போட்டு ஒரு கறவை மாடு பிடித்தார்கள். நல்ல மாடு. சொசைட்டியில் பால் ஊற்றி, அந்தப் பணத்தில் மாதம் தவறாமல் தவணை கட்டினார்கள். மொத்தம் 24 தவணை. 9 தவணை கட்டி முடித்திருந்தார்கள்.

பத்தாவது மாதம் மாடு தீனி எடுக்கவில்லை. அசை போடவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. வீட்டு வைத்தியம் பார்த்தார்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்ப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. மாடு இறந்துபோனது. இன்சூரன்ஸ் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். மீதி 15 தவணை அப்படியே நின்றது.

வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே கவர், கவராக வந்தது. மளிகைக் கடைக் கவர், பால் கவர், நைலான் கயிறு. சில கவர்கள் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தன. அந்த அக்கா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எங்க மாட்டு வயித்துல எங்க தெருவே இருந்துச்சு மேடம்."

அடுத்த குழுக் கூட்டத்தில் இதுதான் பேச்சு. ஒருவர், "மாட்டை அவுத்து விட்டிருக்கக் கூடாது" என்றார். அதுவும் சரிதான். அப்போது ஒரு வயதான அம்மா கேட்டார்: "அது இருக்கட்டும். கவர்ல சோத்தைக் கட்டி தெருமுனையில வச்சது யாரு?" யாரும் பேசவில்லை. ஏனென்றால் எல்லோரும்தான் வைத்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் வைக்கவில்லை. சிதறக் கூடாது, ஈ மொய்க்கக் கூடாது என்று சுத்தமாக முடிச்சுப் போட்டுத்தான் வைத்தார்கள். ஆனால் மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. உள்ளே இருக்கும் சோற்று வாசனைக்குக் கவரோடு விழுங்கிவிடும். விழுங்கிய பிளாஸ்டிக் செரிப்பதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை. முதல் வயிற்றிலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தீனிக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். காலை 7 மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குப்பை வண்டி வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே கவரில் திணித்து, முதல் நாள் இரவே தெருமுனை மின்கம்பத்தடியில் வைத்துவிடுவேன். ஒரு நாள் லீவில் வீட்டில் இருந்தபோது எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். கேட்டேன். "கவருக்குள்ள பிளேடு இருந்துச்சும்மா" என்றார். அது என் கவரா, வேறு யாருடையதா, எனக்குத் தெரியாது. என்னுடையதாக இருந்திருக்கலாம். ஊர் ஊராகப் போய்ச் சுகாதார வகுப்பு எடுக்கிற எனக்கு அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே இந்தப் பாடத்தில் நாம் கற்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குப்பையை வீட்டை விட்டு வெளியே வைப்பதோடு நம் வேலை முடிவதில்லை. அதைப் பிரித்து, வாங்க வருபவர் கையில் கொடுக்கும்போதுதான் முடிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

குப்பையைப் பற்றிய மத்திய அரசின் விதிகள் முதலில் 2000-ல் வந்தன. அவை பெரும்பாலும் நகராட்சியின் கடமையைப் பேசின. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக்காரர்களின் கடமையையும் தெளிவாகச் சொல்லின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் வரும் ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும். தெருவிலோ சாக்கடையிலோ ஏரி குளத்திலோ போடக் கூடாது, எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது.

அதன் பிறகு 2026 ஜனவரியில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அவை சொல்கின்றன. இதில் குப்பை நான்கு வகை: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் குப்பை, தனிக் கவனம் தேவைப்படும் குப்பை.

நம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், கப்புகள் போன்றவற்றுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கிராமங்களில் தெருவைச் சுத்தமாக வைப்பதும் குப்பையை அகற்றுவதும் 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை. அவர்கள் கடமையைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அதைக் கேட்கும் தைரியம், நம் பங்கைச் சரியாகச் செய்தால்தான் வரும்.

வீட்டுக்குள் வைக்கும் முறை

நான்கு வகை என்றதும் நான்கு பக்கெட் வாங்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். மூடியுள்ள ஒரு பக்கெட், ஒரு பழைய அரிசிப் பை, ஒரு டப்பா, கொஞ்சம் பழைய பேப்பர் போதும்.

1. ஈரக் குப்பை: காய்கறித் தோல், மிச்சச் சோறு, மீன் செதில், முட்டை ஓடு, டீத்தூள், பூ, வாழை இலை. இதை மூடியுள்ள பக்கெட்டில் போடுங்கள். பச்சை பக்கெட் கொடுத்திருந்தால் அதுதான் இதற்கு. பக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் கவர் விரிக்காதீர்கள். அடியில் ஒரு பேப்பரோ காய்ந்த சருகோ மல்லாட்டைத் தோலோ போட்டால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், நாற்றம் வராது. குழம்பு, கஞ்சித் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். மாடு இருக்கிற வீட்டில் காய்கறித் தோல் தொட்டிக்குப் போய்விடும், மீதி எருக்குழிக்குப் போகும். அந்த வீடுகளில் ஈரக் குப்பை வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை.

2. உலர் குப்பை: பால் கவர், எண்ணெய் கவர், பிஸ்கட் பேப்பர், பாட்டில், அட்டை, தகரம், கிழிந்த செருப்பு. இதைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுங்கள். பால் கவரை ஒருமுறை அலசி, கொடியில் காயவைத்துப் போட்டால் எறும்பும் வராது, நாற்றமும் வராது. அலசிய கவருக்குத்தான் பழைய சாமான் கடையில் விலை உண்டு. அழுக்குக் கவரை அவர்களும் எடுப்பதில்லை. பால் கவரின் ஓரத்தை வெட்டும்போது அந்தச் சின்னத் துண்டு தனியாக விழாதபடி பாதி ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். கீழே விழுந்த சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது.

3. சுகாதாரக் குப்பை: உபயோகித்த நாப்கின், குழந்தைகளின் டயப்பர், புண்ணுக்குப் போட்ட பஞ்சு. இதைப் பழைய பேப்பரில் இறுகச் சுருட்டி, மேலே சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுத் தனியாகக் கொடுங்கள். சாந்துப் பொட்டு வைத்தாலும் போதும்.

4. தனிக் கவனக் குப்பை: உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி, பல்பு, டியூப் லைட், பேட்டரி, காலாவதியான மாத்திரை, பூச்சிமருந்து டப்பா. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஊசியை மூடியுள்ள கெட்டியான பாட்டிலுக்குள் போடுங்கள். டியூப் லைட்டை உடைக்காதீர்கள், அதற்குள் பாதரசம் இருக்கிறது. உடைந்த கண்ணாடியை நாலைந்து மடிப்புப் பேப்பரில் சுற்றிக் கட்டி, கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்: "இதுல கண்ணாடி இருக்கு, பாத்து எடுங்க." இந்த ஒரு வார்த்தைக்குச் செலவு எதுவும் இல்லை.

வெளியே கொடுக்கும் முறை

• விசில் சத்தம் கேட்ட பிறகு கூடையை வெளியே எடுங்கள். முதல் நாள் இரவே வைக்காதீர்கள். இரவில் நாய், எலி, பன்றி கிளறும். விடிகாலையில் மாடு வரும்.

• கையில் கொடுங்கள். சிலர் தூர நின்று வண்டியை நோக்கி வீசுகிறார்கள். சிலர் அவர் வந்து போகும்வரை கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இது அவசரத்தால் மட்டும் வருவதில்லை, மனதில் இருக்கும் சாதியாலும் வருகிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020-ல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை 'தூய்மைப் பணியாளர்' என்று அரசு மாற்றியது. பெயர் மாறியது போல நாம் நடத்தும் விதமும் மாற வேண்டும். அவர் தண்ணீர் கேட்டால், வீட்டில் நாம் குடிக்கும் சொம்பிலேயே கொடுங்கள்.

• கூடையைச் சாக்கடை மூடியின் மேல் வைக்காதீர்கள். கவிழ்ந்தால் நேராக வாய்க்காலுக்குள்தான் போகும். பக்கத்து வீட்டு வாசலை மறித்தும், சைக்கிள், வண்டி போகிற பாதையிலும் வைக்காதீர்கள்.

• கொட்டிய உடனே கூடையை உள்ளே எடுத்து, அலசி, கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் அது கொசுவாகிவிடும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் சாகாது. அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

• மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்க முடியாது. நம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவு மழை பெய்தால் எந்த ஊரும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் வடிய வேண்டிய தண்ணீர் வடிவதற்கு வாய்க்கால் திறந்திருக்க வேண்டும். வாய்க்காலின் வாயை அடைப்பது பெரும்பாலும் நாம் போட்ட கவரும் பாட்டிலும்தான். புயல் எச்சரிக்கை வந்தால் உலர் குப்பையை வெளியே வைக்காமல் வீட்டிலேயே கட்டி வையுங்கள். காய்ந்த பையாக இருந்தால் நாலு நாள் இருந்தாலும் தொந்தரவு இல்லை.

• பொங்கல், ஆயுத பூஜை, வீட்டு விசேஷம் என்றால் கரும்புச் சோகை, வாழை மரம், பூசணிக்காய், இலை என்று குப்பை அதிகமாகும். ஒரு நாள் முன்பே தூய்மைக் காவலரிடம் சொல்லி வையுங்கள். ஆயுத பூஜைப் பூசணிக்காயை ரோட்டில் உடைத்துவிட்டுப் போகாதீர்கள், வண்டியில் வருபவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

குழுவில் நாம் கணக்குப் பார்க்கப் பழகியவர்கள். இதையும் கணக்காகப் பார்ப்போம். கிராமத்தில் ஒரு தூய்மைக் காவலருக்கு 150 வீடு என்று ஒரு கணக்கு இருக்கிறது. நாம் கலந்து கொடுத்த குப்பையைப் பிரிக்க அவருக்கு வீட்டுக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

150 வீடு × 2 நிமிடம் = 300 நிமிடம். அதாவது 5 மணி நேரம்.

தினமும் 5 மணி நேரம் ஒரு பெண் வெயிலில் உட்கார்ந்து, நம் வீட்டு ஊசிப்போன குழம்பிலிருந்து கவரைக் கையால் எடுக்க வேண்டும். அதையே நாம் போடும்போதே இரண்டு இடத்தில் போட்டால் நமக்கு ஆகும் நேரம் என்ன? கையை வலது பக்கம் நீட்டுவதா, இடது பக்கம் நீட்டுவதா, அவ்வளவுதான். அவருக்கு மிச்சமாகும் 5 மணி நேரத்தில் எல்லாத் தெருவுக்கும் வண்டி வரும், உரக்குழியும் ஒழுங்காக நடக்கும். நம் கூட்டமைப்பில் தூய்மைக் காவலராக வேலை செய்யும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். நாம் பேசுவது நம் குழுவில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றித்தான்.

மற்ற ஊர்ப் பெண்கள் செய்தது

வேலூரில் குப்பை மேலாண்மைப் பணி செய்துவந்த சி.சீனிவாசன் என்பவர், குப்பையை அன்றன்றே வாங்கி அன்றன்றே வகைவகையாகப் பிரித்தால் அது பணம் என்று செய்து காட்டினார். அந்த முறையைச் சத்தீஸ்கர் மாநிலத்தில் உள்ள அம்பிகாபூர் நகரம் 2015-ல் எடுத்துக்கொண்டது. அங்கே வீடு வீடாகச் சென்று வாங்குவதும், கொண்டுபோய்ப் பிரிப்பதும், விற்பதும் நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். 400-க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் வேலை செய்கிறார்கள். ஊருக்கு வெளியே மலை போல இருந்த குப்பைமேட்டை எடுத்துவிட்டு அங்கே பூங்கா வைத்தார்கள்.

கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் 'ஹரித கர்ம சேனை' என்ற பெயரில் பச்சைச் சீருடை போட்டு வருகிறார்கள். காய்ந்த, சுத்தமான பிளாஸ்டிக்கைத்தான் வாங்குவார்கள். வீட்டுக்காரர்கள் அதற்கு மாதக் கட்டணமும் கொடுக்கிறார்கள். மகாராஷ்டிராவில் புனே நகரத்தில் குப்பை சேகரிக்கும் பெண்கள் 2008-ல் ஒரு கூட்டுறவு அமைப்பு தொடங்கினார்கள். நாப்கினைப் பேப்பரில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று வீடுகளைக் கேட்டுக்கொண்டது அவர்கள்தான். மேலே நான் சொன்ன சிவப்பு வட்டம் அவர்களிடமிருந்து கற்றது.

ஜப்பானில் தெருவுக்குத் தெரு ஒரு இடம் இருக்கும். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று அட்டவணை உண்டு. அன்று காலையில்தான் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். அந்த இடத்தைத் தெருக்காரர்களே முறைவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். முறைவைப்பது நமக்குப் புதிதா என்ன? ஏரித் தண்ணீருக்கு முறை வைத்தவர்கள் நாம். குழுவில் கூட்டம் நடத்தவும் முறை வைக்கிறோம்.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

கேள்வி: நான் காலையில 6 மணிக்கே களை எடுக்கப் போயிடறேன். வண்டி 8 மணிக்குத்தான் வருது. எப்படிக் கையில கொடுக்கிறது?

பதில்: எனக்கும் இதே பிரச்சினைதான். பத்து வீடு சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிற ஒருவர் அந்த வாரம் பத்து வீட்டுக் கூடையையும் எடுத்துக் கொடுக்கட்டும். அடுத்த வாரம் வேறொருவர். அதுவும் முடியாவிட்டால், மூடிய பக்கெட்டைத் திண்ணையிலோ கேட்டுக்கு உள்ளேயோ வைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். தூய்மைக் காவலரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நான் இப்போது என் பக்கெட்டைக் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பதிலுக்கு அவர்களுக்கு மருந்துக் கடைக்குப் போய்வருகிறேன்.

கேள்வி: நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டறாங்க?

பதில்: சில இடங்களில் அப்படி நடக்கிறது, மறுக்க மாட்டேன். காரணம் பாருங்கள். பத்து வீட்டில் இரண்டு வீடு மட்டும் பிரித்துக் கொடுத்தால், அந்த இரண்டுக்காக வண்டியில் தனி இடம் ஒதுக்க மாட்டார்கள். தெருவே பிரித்துக் கொடுத்தால் ஒன்றாகக் கொட்ட யாருக்கும் மனம் வராது. அப்படியும் கொட்டினால் கேளுங்கள். வண்டி தள்ளும் பெண்ணிடம் சண்டை போடாதீர்கள். வண்டியில் தடுப்பு வைத்துக் கொடுக்கச் சொல்லி ஊராட்சி செயலரிடமோ, நகராட்சியில் துப்புரவு ஆய்வாளரிடமோ எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: எங்க தெருவுக்கு வண்டியே வர்றதில்ல. நாங்க என்ன செய்ய?

பதில்: ஊரின் ஒரு பக்கம் வண்டி போகிறது, கடைசித் தெருவுக்கு, காலனிக்கு வருவதில்லை என்ற குறை பல இடங்களில் கேட்கிறேன். இதைத் தனியாகப் போய்ச் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். குழுவாக எழுதுங்கள். வருடத்தில் ஆறு நாள் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எத்தனை வீடு, எத்தனை நாளாக வரவில்லை என்று குறித்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். தீர்மானத்தில் எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: எரிச்சிட்டா சாம்பலாப் போயிடுமே, அதுல என்ன தப்பு?

பதில்: சருகை எரித்த புகை வேறு, பிளாஸ்டிக் எரித்த புகை வேறு. பிளாஸ்டிக் புகையில் டயாக்சின் போன்ற நஞ்சு வரலாம். அது மண்ணிலும் தீவனத்திலும் படிந்து பால், முட்டை வழியாக நமக்கே திரும்பி வரும். அடுப்பு பற்றவைக்கக் கவரைச் செருகும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பக்கத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கும். தயவுசெய்து விட்டுவிடுங்கள். போகியன்று டயர் எரிப்பதும் இதில் சேரும்.

கேள்வி: நாப்கினைக் கையில கொடுக்க வெக்கமா இருக்கு. வாங்க வர்றவர் ஆம்பளையா இருந்தா?

பதில்: வெட்கம் வரத்தான் செய்யும். அதனால்தான் ஏரியிலும் முள்காட்டிலும் போட்டுவிடுகிறோம். நாயிழுத்துத் தெருவில் போடும்போது அதைவிட வெட்கம். பேப்பரில் சுற்றி வட்டம் போட்டுவிட்டால் அது ஒரு பொட்டலம்தான், திறக்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லிக்கொடுங்கள். நாப்கின் தயாரிக்கும் குழுக்கள் நம்மிடையே இருக்கின்றன. தயாரிக்கத் தெரிந்த நமக்கு, உபயோகித்த பிறகு என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

இந்தப் பாடத்தை ஊக்குநர் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும். எழுதப் படிக்கத் தெரிந்த மகள்கள் இருந்தால் அவர்களை வாசிக்கச் சொல்லலாம். பிறகு கீழே உள்ள கேள்விகளைப் பேசவும்.

1. நம் தெருவில் குப்பை சேரும் மூலை எது? அங்கே முதலில் வைத்தவர் யார் என்று தேட வேண்டாம். இனி வைக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

2. நம் தெருவுக்கு வண்டி எந்த நேரம் வருகிறது? எத்தனை பேர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறோம்?

3. நம் ஊர் தூய்மைக் காவலர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்குக் கையுறை இருக்கிறதா? இல்லை என்றால் ஊராட்சியில் கேட்பது யார்?

4. நம் கூட்டத்தில் டீ கொடுப்பது எதில்? பேப்பர் கப்பா, டம்ளரா?

தீர்மானப் புத்தகத்தில் எழுத ஒரு மாதிரி:

"இன்று நடந்த கூட்டத்தில் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது பற்றிப் பேசப்பட்டது. நம் குழு உறுப்பினர்கள் அனைவரும் ஈரக் குப்பையைக் கவரில் கட்டாமல் மூடியுள்ள பக்கெட்டில் வைப்பது என்றும், வண்டி வரும் நேரத்தில் மட்டும் வெளியே எடுத்துக் கையில் கொடுப்பது என்றும், பத்து வீட்டுக்கு ஒருவர் வாரம் ஒருவராக முறைப் பொறுப்பு ஏற்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு வாசித்த உடனே, எந்த வீட்டில் முடிந்தது, எந்த வீட்டில் முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். முடியாதவர்களைத் திட்ட வேண்டாம். ஒருவேளை அவர்கள் வீட்டில் மூடியுள்ள பக்கெட்டே இல்லாமல் இருக்கலாம்.

கடைசியாக, மாடு இழந்த அந்த அக்காவைப் பற்றி. தவணைக்கு அவகாசம் கொடுத்து, குழுவில் எல்லோரும் சேர்ந்து இரண்டு மாதத் தவணையைக் கட்டினார்கள். மீதியை அவர் கூலி வேலைக்குப் போய்க் கட்டிவருகிறார். போன வாரம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். தெருமுனை மூலை முழுசாகச் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு கவர் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வயதான அம்மா வந்து, இரண்டையும் எடுத்து, முடிச்சை அவிழ்த்து, சோற்றைக் குழியில் கொட்டிவிட்டு, கவரை மடியில் செருகிக்கொண்டு போனார். "யாரு வச்சதுன்னு எனக்குத் தெரியும். சாயங்காலம் அவ வூட்டுக்கே போய்க் குடுத்துட்டு வரேன்" என்றார்.

உங்கள் குழுவில் என்ன முடிவு எடுத்தீர்கள், என்ன சிரமம் வந்தது என்று ஒரு தபால் அட்டையிலாவது கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள். அல்லது மாதக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் சொல்லி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்